நிலாவுக்குப் பவுடர் பூசியவர்

என் அக்காவின் கணவருக்குக் கடைவீதியில் பெயர் பவுடர். அவர் பவுடர் பூசி நான் பார்த்ததில்லை. எண்ணெய் வழியும் நெற்றியும் அவசரமாக மழித்த கன்னமுமாகத்தான் திரிவார். ஆனால் அவர் எடுக்கும் படத்தில் யார் உட்கார்ந்தாலும், இப்போதுதான் குளித்து, பவுடர் பூசி, மனத்தில் ஒரு கவலையும் இல்லாமல் வந்து உட்கார்ந்த மாதிரி இருப்பார்கள். பல்வலியோடு கன்னம் வீங்கி வந்த ஒருவர், அவர் படத்தில் பட்டம் வாங்கிய பையன் மாதிரி இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அத்தானுக்கும் உண்டு. அது கடையின் மின்கட்டண ரசீதில் மட்டும் வரும்.

அந்தக் கடையின் முன்பக்கத்தில் ஜெராக்ஸ் எடுப்பது, லேமினேஷன் போடுவது, சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பது மூன்றும் என் வேலை. மூன்றாவதுதான் அதிகம். எனக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சுழலும் ஸ்டூல், சுவரில் வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் குடை மாட்டிய விளக்குகள், நூலில் சீப்பு கட்டித் தொங்கும் ஒரு கண்ணாடி, எல்லா உடம்புக்கும் பொதுவான ஒரு கறுப்புக் கோட்டு. ஒல்லியானவர் போட்டால் முதுகில் துணிக் கிளிப் மாட்டி இறுக்குவோம். குண்டானவர் போட்டால் முன்பக்கம் மட்டும்தான் கோட்டு, பின்பக்கம் காற்றோட்டம். படத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரி மேனேஜராகத் தெரிவார்கள்.

அத்தானின் தொழிலில் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, நிழல் ஆகாது.

"நிழல் விழுந்துச்சுன்னா மூஞ்சில இருக்கிறதெல்லாம் எந்திரிச்சு நிக்கும்" என்பார். அதனால் இரண்டு விளக்கையும் நேராக முகத்தில் அடிப்பார். வந்தவர் கண்ணைக் கொட்டிக் கொட்டி விழிப்பார். "அசையாதீங்க, தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, மூச்சு விடலாம், ஆனா மெதுவா" என்று சொல்லிக்கொண்டே அமுக்கிவிடுவார்.

இரண்டாவது சட்டம், கம்ப்யூட்டரில் துடைக்க வேண்டும். பரு, மச்சம், தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், நெற்றிச் சுருக்கம் எல்லாம் போய்விடும். துடைத்து முடித்ததும் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிடுவார். மூலப்படம் வைத்திருக்கும் பழக்கமே கிடையாது. கேட்டால், "பழைய மூஞ்சி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா மனசு அதைத் தேடும்" என்பார். ஒரு முறை அண்ணன் தம்பி இரண்டு பேரின் படங்களைக் கவர் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வீட்டிலும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நன்றாக வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு முறை முடிவெட்டும் கடைக்காரர், தன் அதிர்ஷ்டமே உதட்டுக்கு மேலே இடப்பக்கம் இருக்கும் மச்சத்தில்தான் இருக்கிறது என்று நம்புகிறவர், மச்சம் இல்லாத படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் கவுண்டரை ஓங்கி அறைந்தார். அத்தான் பேனாவை எடுத்து எல்லாப் பிரதியிலும் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தார். அது வலப்பக்கம் போய்விட்டது. அதற்கு மறுபடியும் நான்தான் சமாளித்தேன்.

இதெல்லாம் ஊராருக்கு நடந்த வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தபோதுதான் வினையானது.

என் அக்காவுக்கு முகத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு. சின்ன வயதில் வந்தது. இடது கன்னத்தில் கொஞ்சம் ஆழமாக ஒன்று, மற்றவை சின்னச் சின்னதாக. அவள் அதைப் பற்றி நினைத்தே நான் பார்த்ததில்லை. பேச்சு, சிரிப்பு, அதட்டல் எல்லாவற்றுக்கும் நடுவில் யார் கண்ணுக்கும் அது தெரியாது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கப் போனாள். துணைக்கு நான். படம், சொல்ல வேண்டுமா, வீட்டுக்காரர் எடுத்தது. கவுண்டரில் இருந்தவர் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, தங்கச்சி படத்தை மாத்திக் கொண்டு வந்துட்டீங்களா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடையாளக் குறி என்ற இடத்தில், இடது கன்னத்தில் தழும்பு என்று அக்காவே எழுதியிருந்தாள். அந்த மனிதர் பேனா முனையைப் படத்தில் வைத்து, "எங்கம்மா தழும்பு? காட்டுங்க" என்றார். வரிசை சிரித்தது. என் அக்கா பதில் பேசாமல் நின்றது என் நினைவில் அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்தாள். நேராகக் கடைவீதிக்கு வந்து, எங்கள் கடையைத் தாண்டி, எதிர்க்கடைக்குள் நுழைந்து, அங்கே படம் எடுத்துக்கொண்டாள். பவுடரின் பெண்டாட்டி எதிர்க்கடையில் படம் எடுத்தாள் என்பதைப் பேசியே கடைவீதி ஒரு வாரம் பிழைப்பு நடத்தியது. அன்று சாயங்காலம் அக்கா சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

"இனிமே உங்க கேமரா முன்னாடி நான் உட்கார மாட்டேன்."

சண்டையெல்லாம் இல்லை. சிரிப்பாள், பேசுவாள், அவர் சட்டையில் பட்டன் அறுந்தால் தைப்பாள். ஆனால் கேமராவைத் தூக்கினால் அந்த இடத்தில் இருக்க மாட்டாள். வீட்டில் எடுத்த எந்தப் படத்திலும் அவள் இல்லை. ஒன்றில் முழங்கை மட்டும் இருக்கிறது. அத்தான் அந்த முழங்கையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் ஒரு நாள் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. புது லென்ஸ் வாங்கியபோது, "டெஸ்ட் பண்ணணும், சும்மா ரெண்டு நிமிஷம் உட்காரு" என்று நைசாகக் கேட்டார்.

"ஸ்டூல் காலியாத்தானே இருக்கு, அதை எடுங்க" என்றாள் அக்கா.

எடுத்தார். அந்த ஸ்டூலின் கீறலைக்கூடத் துடைத்துவிட்டார்.

அக்கா இப்போது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அந்த வேனில் முன் சீட்டில் வருகிறவர் அறிவியல் டீச்சர். பள்ளியில் கண்காட்சி வைக்கப் போகிறார்கள், ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு டெலஸ்கோப் தூங்குகிறது, அதில் கேமராவைப் பொருத்தும் வளையம்கூட இருக்கிறது, நிலாவில் இருக்கும் பள்ளங்களையும் மலைகளையும் பெரிய படமாக எடுத்துச் சுவரில் மாட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள் என்று டீச்சர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். கடைசியில், "உங்க வீட்டுக்காரர் போட்டோகிராபராமே, எடுத்துக் கொடுப்பாரா?" என்று கேட்டிருக்கிறார்.

"எடுப்பாரு டீச்சர். நிலா மாதிரி இருக்குமான்னு மட்டும் சொல்ல முடியாது" என்றிருக்கிறாள் அக்கா.

ஆனாலும் டெலஸ்கோப்பை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரு நீளக் குழல், மூன்று கால், பக்கத்தில் திருகுவதற்கு ஒரு குமிழ். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. குழலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"முகம் எடுத்து எடுத்துக் கை பழுத்தவன் நான். நிலா என்ன, அதுவும் ஒரு முகம்தானே" என்றார்.

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி. நான் நிலாவை உள்ளது உள்ளபடி எடுத்துக் காட்டறேன். காட்டிட்டா நீ என் கேமரா முன்னாடி உட்காருவியா?"

"முதல்ல எடுங்க. அப்புறம் பார்க்கலாம்."

இது மாட்டேன் என்பதல்ல. இத்தனை நாளில் இதுதான் அவர் கேட்ட நல்ல வார்த்தை. அன்றைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் அவரே எழுந்து நாற்காலி போட்டார்.

முதலில் பௌர்ணமிக்காகக் காத்திருந்தார். "பாதி மூஞ்சியோட யாராவது போட்டோ எடுத்துக்குவாங்களா? முழுசா வரட்டும்" என்றார். பௌர்ணமியன்று சாயங்காலம் கிழக்கே நிலா வீடுகளுக்கு மேலே வந்ததும் மொட்டை மாடியிலிருந்து எடுத்தார். படம் பளிச்சென்று இருந்தது. வெள்ளைத் தட்டில் அங்கங்கே சாம்பல் கறை, அவ்வளவுதான். அத்தானுக்குப் பரம திருப்தி. எவ்வளவு சுத்தமான முகம் பார், நான் எதுவுமே செய்யவில்லை என்று என்னிடம் பெருமையடித்தார். மறுநாள் டீச்சர் கடைக்கு வந்து பார்த்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா பள்ளம் எங்கே? மலை எங்கே?"

"இருக்கறதைத்தான் எடுத்தேன் டீச்சர். சத்தியமா கை வைக்கல."

"பௌர்ணமியில சூரிய வெளிச்சம் நேரா அடிக்கும் சார். நிழலே விழாது. நிழல் இல்லன்னா மேடு பள்ளம் தெரியாது. பாதி நிலா அன்னைக்கு எடுங்க. வெளிச்சம் பக்கவாட்டுல விழும். வெளிச்சமும் இருட்டும் சேர்ற ஓரத்துல பாருங்க, எல்லாமே எந்திரிச்சு நிக்கும்."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. எந்திரிச்சு நிக்கும் என்பது அவருடைய வசனம். ஆனால் அதை அவர் நோயின் பெயர் மாதிரி சொல்வார், டீச்சர் பரிசின் பெயர் மாதிரி சொல்கிறார்.

"அது எனக்குத் தெரியும் டீச்சர். அதனாலதான் நான் அப்படி எடுக்கறதில்ல" என்றார் பலவீனமாக.

பாதி நிலாவுக்கு நாள் ஆனது. கண்காட்சியும் நெருங்கிவிட்டது. ஒரு சாயங்காலம், வெயில் இறங்கி வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே, அரை நிலா நடு உச்சியில் நின்றது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் அத்தான் டெலஸ்கோப்பை நிறுத்தினார். நான் டார்ச் பிடித்தேன். அக்கா துணி எடுக்க வந்தவள்.

குழலில் கண்ணை வைத்த அத்தான் பழக்க தோஷத்தில், "அசையாதீங்க, அப்படியே இருங்க" என்றார். நிலா கேட்கவில்லை. மெல்ல நகர்ந்து வட்டத்தின் ஓரத்துக்குப் போய் மறைந்துவிட்டது. மறுபடி தேடிப் பிடித்தார். மறுபடி போய்விட்டது.

"என்ன இது, உட்கார்ந்த இடத்துல இருக்க மாட்டேங்குது!"

"நிலா இல்லங்க, நாமதான் சுத்தறோம். டீச்சர் சொன்னாங்க" என்று அக்கா துணிக்கூடையைக் கீழே வைத்தாள். "தள்ளுங்க. இந்தக் குமிழைத் திருகிக்கிட்டே இருக்கணுமாம்." அவள் கண்ணை வைத்து, இரண்டு விரலால் குமிழைத் தொட்டாள். கிளட்ச்சை விடுகிற காலின் பதம்தான் அவள் விரலிலும் இருந்தது போல. இழுக்காமல், உதறாமல், நிலாவோடு கூடவே திருகினாள். அப்புறம், "அடியே" என்றாள், என்னைப் பார்த்து அல்ல.

"என்னக்கா?"

"குழி குழியா... இங்க ஒரு பெரிய பள்ளம். அதுக்கு நடுவுல ஒரு குட்டி மலை. நடுவுல உட்கார்ந்திருக்கு பாரு, யாரைக் கேட்டு வந்து உட்கார்ந்துச்சோ. நிழல்கூட விழுதுடி அதுக்கு!"

நானும் பார்த்தேன். இருட்டும் வெளிச்சமும் பிரியும் கோட்டில் அத்தனை குழியும் விளிம்பு கட்டி நின்றது. ஒரு மலைத்தொடர் இருட்டுக்குள் பாதி இறங்கியிருந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு அழகு. அக்கா என்னைத் தள்ளிவிட்டு மறுபடி கண்ணை வைத்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு, கூந்தல் காற்றில் பறக்க அவள் குனிந்து நின்றபோது, அத்தான் கையிலிருந்த கேமராவைச் சத்தமில்லாமல் மெல்லத் தூக்கினார்.

"கையைக் கீழே போடுங்க" என்றாள் அக்கா, குழலிலிருந்து கண்ணை எடுக்காமலே.

போட்டுவிட்டார். அப்புறம் கேமராவைக் குழலில் பொருத்தினார்கள். அமுக்கினால் குழல் ஆடும் என்று டைமர் வைத்து, அக்கா திருக, இவர் எடுக்க, நான் இரண்டு பேருக்கும் கொசு விரட்ட, நிறையப் படங்கள் எடுத்தோம். சில ஆடியிருந்தன, சில மங்கல். ஒன்று கத்தி மாதிரி விழுந்திருந்தது. குட்டி மலை, அதன் நிழல் எல்லாம் அதில் இருந்தது. கேமராத் திரையில் அதைப் பார்த்து அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கீழே இறங்கும்போது, "பிரிண்ட் போட்டுக் காட்டுங்க, பார்க்கறேன்" என்றாள். அத்தான் அன்று மாடிப்படியில் விசிலடித்துக்கொண்டே இறங்கினார்.

மறுநாள் காலையில் ஒரு கல்லூரிக் கும்பல் புத்தகம் புத்தகமாக ஜெராக்ஸுக்குக் கொண்டு வந்துவிட்டது. எனக்குத் தலை தூக்க நேரமில்லை. அத்தான் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் நிலாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாணப் பார்ட்டி போன் செய்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஆல்பம், அட்டை, அளவு என்று பேசினார். வெகுநேரம் பேசினார். வலது கை மவுஸில் இருந்தது. கை சும்மா இருந்தால்தானே.

பேசி முடித்ததும் திரையைப் பார்த்தார். முகம் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்தால் அவர் கண்ணுக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம். சேமித்தார், பெரிய தாளில் பிரிண்ட் போட்டார், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார். அடுத்த வேலைக்காகக் கேமராவின் கார்டையும் காலி செய்தார். எல்லாம் பழக்கம். மத்தியானம் வேனில் வந்த அக்காவிடம் சுருளைக் கொடுத்து, "டீச்சர் கையிலேயே கொடு. நீயும் பிரிச்சுப் பாரு" என்று கண்ணடித்தார்.

சாயங்காலம் அக்காவும் டீச்சரும் சேர்ந்து வந்தார்கள். டீச்சர் சுருளை என் கவுண்டரில் விரித்தார். ஒரு பக்கம் ஸ்டேப்ளரையும் இன்னொரு பக்கம் பசைப் புட்டியையும் வைத்து நான் அமுக்கினேன். தாளின் நடுவில் ஒரு அரை நிலா. உரித்த முட்டையைச் சரிபாதியாக வெட்டி வைத்த மாதிரி, மழமழவென்று இருந்தது.

"சார், இது என்னது?"

"நிலா, டீச்சர்."

"நிலான்னு தெரியுது. பள்ளமெல்லாம் எங்கே?"

அத்தான் குனிந்து பார்த்தார். நன்றாகக் குனிந்து பார்த்தார். அவர் காது மடல் சிவப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"கொஞ்சம் இருந்துச்சு டீச்சர்" என்றார். "சரி பண்ணிட்டேன்."

டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்புதான். ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன். அக்காவின் சத்தம் வராததால்தான் நிமிர்ந்தேன். அவள் சுட்டுவிரலால் தாளைத் தடவிக்கொண்டிருந்தாள். ஓரத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்கதானே இருந்துச்சு. அந்தக் குட்டி மலை."

அத்தான் ஆமென்று தலையாட்டினார்.

"அதையுமா? அது உங்களை என்னங்க பண்ணுச்சு?"

"தெரியல. போன் பேசிக்கிட்டே... கை போயிடுச்சு." அவர் தாளின் ஓரத்தை நீவிவிட்டார். "நான் கெட்ட எண்ணத்துல தொடைக்கறது இல்ல. வர்றவங்க தன் மூஞ்சியைப் பார்த்து வருத்தப்படக் கூடாதுன்னுதான் தொடைக்கறேன். உனக்கும் அப்படித்தான்."

"நான் எப்பங்க வருத்தப்பட்டேன்?" என்றாள் அக்கா. "நீங்க தொடைச்சப்புறம்தான், அது தொடைக்க வேண்டிய விஷயம்னே எனக்குத் தெரிஞ்சது."

டீச்சர்தான் நிலைமையைக் காப்பாற்றினார். கண்காட்சிக்கு இன்னும் இரண்டு சாயங்காலம் இருக்கிறது, நிலா தினமும் கொஞ்சம் வளர்ந்தாலும் ஓரத்து நிழல் இருக்கத்தான் செய்யும், மறுபடி எடுக்கலாம் என்றார். அக்கா வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அத்தான் அந்த முட்டை நிலாவைச் சுருட்டத் தெரியாதவர் மாதிரி சுருட்டினார்.

அடுத்த நாள் சாயங்காலம் பார்த்து மேகம். அத்தான் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்து வானத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியில் என்ன கசிவு என்று விசாரித்தார். மேகம் விலகவில்லை. அதற்கு அடுத்த நாள், கடைசி நாள், மத்தியானம்வரை மூடியிருந்த வானம் வெயில் தாழ்ந்ததும் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. துடைத்துவிட்ட என்று நான் வாய் தவறிச் சொன்னதற்கு அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அக்கா வந்தாள். கூப்பிடாமலே வந்து குமிழைப் பிடித்தாள். அவள் திருகினாள், இவர் எடுத்தார். நிலா கொஞ்சம் பருத்திருந்தது. கோடு தள்ளிப் போய்ப் புதுப்புதுக் குழிகள் நிழலோடு வந்திருந்தன. பழைய பள்ளத்தின் நிழல் சுருங்கிவிட்டது. ஆனால் நடுவில் அந்தக் குட்டி மலை இருந்தது.

உடனே கடைக்குப் போய்ப் படத்தைத் திறந்தோம். நாற்காலியில் உட்காரப் போன அத்தான் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"நீ உட்காரு. என்னை நம்பி நான் உட்கார மாட்டேன்."

நான் உட்கார்ந்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். படங்களில் கூர்மையானதைத் தேர்ந்தெடுத்தோம். வெளிச்சத்தை மட்டும் அவர் சொல்லச் சொல்லக் கொஞ்சம் ஏற்றி இறக்கினேன். கட்டிய கையில் ஆள்காட்டி விரல் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"இந்தா பாரு, கீழ் ஓரத்துல ஒண்ணே ஒண்ணு, சின்னதா..."

"அத்தான்!"

"இல்ல, அழகா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

பொய். ஆனால் கையை அவிழ்க்கவில்லை. மூலப்படத்தை வேறு பெயரில் தனியாகச் சேமித்து வை என்று அவரே சொன்னார். அந்தக் கம்ப்யூட்டரில் முதல் மூலப்படம் நிலாவுடையதுதான்.

கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். சின்னப் பிள்ளைகள் பள்ளம் உண்மையா என்று பார்க்கத் தாளில் விரலை விட்டுப் பார்த்தார்கள். அத்தான் பக்கத்தில் நின்று, "தொடாதீங்கப்பா, தொடாதீங்க, தொட்டா போயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னால் அதில் அனுபவம் இருக்கத்தானே செய்யும்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேன் ஓடாத நாள். அக்கா கடைக்கு வந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் அந்தச் சுழலும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அத்தான் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்த கத்தரியைக் கீழே போட்டார்.

"எடுங்க" என்றாள்.

அத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடினார், விளக்கை இழுத்தார். ஒன்றை அணைத்தார், இன்னொன்றை அவள் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். நிலாவில் கற்ற பாடம் முழுவதையும் என் அக்காவின் மேல் இறக்கிவிட்டார். எடுத்து, பெருமையாக அவளிடம் நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். கன்னத்தில் ஒவ்வொரு தழும்பும் தனித்தனி நிழலோடு நின்றது. பாதி முகம் இருட்டில்.

"நான் என்ன நிலாவா?" என்றாள் அக்கா. "தொடைச்சா முட்டை, தொடைக்கலன்னா பள்ளத்தாக்கா? நடுவுல மனுஷின்னு ஒருத்தி கிடையாதா?"

அத்தான் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். விளக்கைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

"அப்போ எப்படித்தான் எடுக்கணும்? நீயே சொல்லு."

இத்தனை வருஷத்தில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்த ஒருவரையும் அவர் இப்படிக் கேட்டதில்லை. தாடையைத் தூக்கு, மூச்சை மெதுவாக விடு என்று சொல்லித்தான் பழக்கம். அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"அந்த விளக்கையெல்லாம் அணைங்க. கண்ணு கூசுது. திரையைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறங்க, தெரு வெளிச்சம் போதும். நான் இவகூடப் பேசிக்கிட்டு இருக்கேன். நீங்க எப்போ வேணாலும் எடுங்க."

திறந்தார். மத்தியான வெளிச்சம் கடைக்குள் சாதுவாக வந்தது. அக்கா என் பக்கம் திரும்பி, முந்தாநாள் வேனுக்குக் குறுக்கே வந்து விழப்பார்த்த ஒரு பைக்காரனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். "ஹாரன் அடிக்கறேன், திரும்பிப் பார்க்கறான், பார்த்துட்டும் வர்றான்டி! இறங்கி ஒண்ணு வைக்கலாமான்னு..." நடுவில் அத்தான் அமுக்கினார். ஒரே ஒரு தடவை. துடைக்கவில்லை, கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. கேமராவைத் திருப்பி அவளிடம் கொடுத்தார்.

அக்கா பார்த்தாள். பைக்காரன் கதை நின்றுவிட்டது.

"ஏய், இங்க வாடி."

போனேன். சின்னத் திரையில் அக்கா கோபமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தழும்பு இருந்தது, அது இருக்கும் இடத்தில் இருந்தது, என் கண் அங்கே நிற்கவில்லை. புருவத்துக்கு நடுவில் இரண்டு கோடு. கண்ணோரத்தில் கொத்தாகச் சுருக்கம். உதட்டுக்கு இடப்பக்கம், கோபம் வந்தால் மட்டும் விழும் ஒரு மடிப்பு. அது எங்கள் அம்மா.

எங்கள் அம்மா இறந்து பல வருஷமாகிறது. வீட்டுச் சுவரில் ஒரே ஒரு படம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் அத்தான் மாமியாரை உட்கார வைத்து, ஆசை ஆசையாக எடுத்து, பாசத்தோடு ஒரு கோடு விடாமல் துடைத்துக் கொடுத்த படம். மூலம் கிடையாது. அதில் இருப்பது யாரோ ஒரு வசதியான அம்மாள். நானும் அக்காவும் அந்தச் சுவரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம், அம்மா முகம் மறந்துகொண்டே வருகிறதே என்று தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். அவர் மனசு நோகுமென்று ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை.

இப்போதும் நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பார்த்த விதத்திலேயே அவர் புரிந்துகொண்டார். எங்கள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அத்தை" என்றார். அப்புறம், "அவங்களையும் நான் தொடைச்சிட்டேன்ல" என்றார்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். அக்கா கேமராவை அவர் கையில் கொடுத்தாள். ஸ்டூலில் போய் நேராக உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இதுல அம்மா கோபமா இருக்காங்க" என்றாள். "சிரிக்கிற மாதிரி ஒண்ணு எடுங்க."